ஃபிஃப்த் வீலா, டிராவல் டிரெய்லரா? முதலில் டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “எங்களிடம் ஃபோர்டு எஃப்-150 இருக்கிறது. நாலு கதவு, பின்னால் சாமான் ஏற்றும் பெட் ஐந்தரை அடி. நான், மனைவி, ஒன்பது வயது மகன். கோடையில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று மாதம் தங்குவார்கள். எல்லோருமாக ஊர் சுற்ற, டிரக்கால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியாக ஓர் ஆர்.வி. வாங்க ஆசை. டீலர் ஒரு ஃபிஃப்த் வீலைக் காட்டி, ‘உங்களுடையதைப் போன்ற அரை டன் டிரக்குக்கென்றே செய்தது, தாராளமாக இழுக்கும்’ என்கிறார். அதன் முழு எடை 9,500 பவுண்டு. வாங்கலாமா, இல்லை டிராவல் டிரெய்லரே போதுமா?”

வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த டிரக்கை வைத்துக்கொண்டு அந்த ஃபிஃப்த் வீலை வாங்காதீர்கள். முழு எடை 6,000 பவுண்டை ஒட்டிய டிராவல் டிரெய்லர்களை மட்டும் பாருங்கள். நான் ஆறு வருடம் 26 அடி டிராவல் டிரெய்லர் இழுத்தேன், அதன் பிறகு டிரக்கையே மாற்றி ஃபிஃப்த் வீலுக்குப் போனேன். இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். அதனால் ஒன்றை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் குடும்பம், உங்கள் வண்டி, இந்தக் கணக்கில் எது சரி என்று மட்டும் பார்ப்போம்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், பாரம் உட்காரும் இடத்தில். டிராவல் டிரெய்லர் டிரக்கின் பம்பருக்குப் பின்னால் உள்ள உருண்டையில் மாட்டும். தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை அந்த உருண்டையின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீலின் மாட்டும் முனையான கிங்பின், டிரக் பெட்டுக்குள் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் உட்காரும். அது வைக்கும் பாரம் 15 முதல் 25 சதவீதம் வரை போகும். கணக்குக்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிஃப்த் வீல் ஆடாமல் அசையாமல் வருவதற்கு இந்த இடம்தான் காரணம். உங்கள் டிரக் அதைத் தாங்காமல் போவதற்கும் இதுவேதான் காரணம்.

டீலர் சொல்லும் ‘இழுக்கும் திறன்’ என்ற பெரிய எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இதைத்தான் பேலோட் என்கிறோம். ஒரே வருடத்து எஃப்-150 இரண்டை அருகருகே நிறுத்தினாலும் இந்த எண் மாறும். சன்ரூஃப், நாலு சக்கர இயக்கம், சொகுசு இருக்கை என்று ஏற ஏற பேலோட் குறையும். ஆகவே விளம்பரத் தாளில் இருப்பது உங்கள் வண்டியின் எண் அல்ல.

உங்களுடையதில் 1,620 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 175 பவுண்டு, மனைவி 145, பையன் 65, அப்பா 155, அம்மா 120. மொத்தம் 660. மிச்சம் 960. தண்ணீர் பாட்டில், ஐஸ் பெட்டி, பைகள், அம்மா கையோடு கொண்டுவரும் முறுக்கு டின் எல்லாம் சேர்த்து 100 போடுங்கள், மிச்சம் 860. இனி அந்த ஃபிஃப்த் வீலை வையுங்கள். பெட்டில் போல்ட் போட்டு இறுக்கும் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மட்டுமே 150 பவுண்டு இருக்கும், ஆக 710தான் பாக்கி. 9,500இல் 20 சதவீதம் 1,900. கிட்டத்தட்ட 1,200 பவுண்டு துண்டு விழுகிறது. இது ஏதோ ‘கொஞ்சம் கூடுதல்’ என்று கண்டும் காணாமல் விடும் அளவு இல்லை. பின் டயர், பின் அச்சு, பிரேக் என்று மூன்றும் தங்கள் எல்லைக்கு மேல் வேலை செய்யும், அதுவும் உங்கள் அப்பா அம்மா பின் சீட்டில் இருக்கும்போது.

அதே 860ஐ வைத்து டிராவல் டிரெய்லர் பார்ப்போம். முழு எடை 6,000, அதில் 13 சதவீதம் 780. பாரத்தைப் பகிரும் ஹிட்ச் சுமார் 80. சரியாக 860. இந்த ஹிட்ச்சின் கம்பிகள் பாரத்தில் ஒரு பகுதியை டிரெய்லரின் சக்கரங்களுக்கே திருப்பி அனுப்பிவிடும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த இடத்தை அப்படியே விட்டு வையுங்கள். அதையும் நிரப்பும் மாடலைத் தேடிப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம். டீலர் தாளில் ‘காலி எடை’ என்று போட்டிருப்பதை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். எந்தக் குடும்பமும் காலி டிரெய்லரில் போவதில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 332. 20 பவுண்டு கேஸ் பிடிக்கும் சிலிண்டர் நிறைந்த நிலையில் ஒவ்வொன்றும் சுமார் 37. பேட்டரி, குழாய்கள், தட்டுமுட்டு, அரிசி, குக்கர், படுக்கை. தாளில் உள்ள ஹிட்ச் எடையும் காலி வண்டிக்குப் போட்ட எடைதான். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று சொல்லும் உச்ச எடையை (மேலே முழு எடை என்றது இதைத்தான்) வைத்தே எப்போதும் கணக்குப் போடுங்கள். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான் எவ்வளவு என்று தெரியும். பார்க்க அழகாக இருக்கும் சில பெரிய மாடல்களில் அந்த மிச்சம் ஐந்து பேருக்குப் போதாத அளவுக்குச் சிறியதாக இருக்கும்.

“டிரக்கை மாற்றிவிட்டால்?” என்ற கேள்வி அடுத்து வரும். வரட்டும். ஆனால் முக்கால் டன் டீசல் என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். எஃப்-250 வகையில் டிரக்கின் உச்ச எடையே பெரும்பாலும் 10,000 பவுண்டு என்று வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் கனமானது; அந்தக் கனம் அந்த 10,000க்குள்ளேயே அடங்குகிறது. சொகுசு கூடிய உயர்ந்த ட்ரிம் எடுத்தால் பேலோட் 2,000 பக்கத்தில் வந்து நின்றுவிடும். நான் டிரக் வாங்கப் போனபோது ஒரே இடத்தில் நின்ற மூன்று வண்டிகளின் ஸ்டிக்கரைப் படம் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெட்ரோல் எஞ்சின் வண்டிக்குத்தான் அதிகப் பேலோட் இருந்தது. அப்புறம் டெக்சஸில் டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000ஐத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கான க்ளாஸ் ஏ உரிமம் வேண்டும். பெரிய ஃபிஃப்த் வீல் பார்ப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஃபிஃப்த் வீலின் பக்கம் நியாயமும் சொல்ல வேண்டும். சாலையில் அதன் அமைதிக்கு ஈடு இல்லை. டிராவல் டிரெய்லரில் மாட்டும் புள்ளி பின் அச்சிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருக்கிறது. பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்த நாலைந்து அடியும் நெம்புகோல் மாதிரி வேலை செய்து டிரக்கின் பின்புறத்தைத் தள்ளும். ஃபிஃப்த் வீலில் அந்த நெம்புகோலே இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மே மாதம், அமரில்லோ தாண்டி ஐ-40இல் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். தெற்கிலிருந்து காற்று. அதற்கு முந்தின நாள் முகாமில் மூன்று சைக்கிளையும் டிரெய்லரின் பின் பம்பரில் மாட்டினோம். அதன் முன்பக்கப் பெட்டியில் இருந்த கனமான சாமான்களை எடுப்பதற்கு வசதி என்று டிரக்குக்கு மாற்றினோம். ஒரு பதினெட்டு சக்கர லாரி இடதுபுறம் கடந்தது. முதலில் அது தள்ளிய காற்று டிரெய்லரை ஓரத்துக்கு ஒதுக்கியது, லாரி முன்னே போனதும் திரும்ப உள்ளே இழுத்தது. இடது கண்ணாடியில் டிரெய்லரின் மூலை தெரிந்தது. பிறகு காணவில்லை, வலது கண்ணாடியில் தெரிந்தது. மறுபடி இடது, இந்த முறை இன்னும் அதிகமாக. கால் தானாக பிரேக்குக்குப் போகப் பார்த்தது. போகவிடவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டேஷ்போர்டில் உள்ள டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடியை மட்டும் அழுத்தினேன். டிரெய்லர் மட்டும் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, சங்கிலி இழுபட்ட மாதிரி இரண்டும் ஒரு கோட்டுக்கு வந்தன. அடுத்த எக்ஸிட்டில் நிறுத்தியபோது என் மனைவி பின் சீட்டில் குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லாரிகள் நிற்கும் இடத்தில் இருந்த, வண்டிகளை எடை போடும் கேட் ஸ்கேலில் போய் நிறுத்தினேன். ஹிட்ச்சின் கம்பிகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரோடு ஒரு முறை, டிரக்கை மட்டும் ஒரு முறை. டிரக்கின் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உருண்டையின் மேல் உள்ள பாரம். 540 பவுண்டு வந்தது. டிரெய்லர் 6,400. எட்டரை சதவீதம்கூட இல்லை. பின்னால் மாட்டிய சைக்கிள்கள் சீசாவின் மறுமுனை மாதிரி முன்பாரத்தைத் தூக்கிவிட்டன, முன்பெட்டியைக் காலி செய்தது மீதியைச் செய்தது. சைக்கிளை டிரக் பெட்டுக்கும் சாமானை முன்பெட்டிக்கும் மாற்றி, மறுபடி எடை பார்த்து 720 வந்த பிறகே கிளம்பினோம். அன்று மாலையும் அதே காற்றுதான். டிரெய்லர் ஒழுங்காக வந்தது. டிராவல் டிரெய்லர் ஆபத்தானது என்று இதை வைத்துச் சொல்லவில்லை. பாரம் எங்கே இருக்கிறது என்று அது உங்களைக் கவனிக்க வைக்கும், அவ்வளவுதான். ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல ஹிட்ச் வாங்குவதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

உங்கள் ஐந்தரை அடி பெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஃபிஃப்த் வீலை மாட்டிக்கொண்டு கூர்மையாகத் திரும்பினால் அதன் முன்மூலை டிரக்கின் பின் கண்ணாடியை இடிக்கலாம். பின்னால் நகரும் ஹிட்ச், சுழலும் கிங்பின் பெட்டி என்று வழிகள் உண்டு. எல்லாம் கூடுதல் காசு, கூடுதல் எடை.

இனி உங்கள் பெற்றோர். மாடல்களை ஒப்பிடும்போது யாரும் பேசாத, ஆனால் உங்கள் வீட்டில் தினமும் பேசப்போகிற விஷயம் படிக்கட்டு. ஃபிஃப்த் வீலில் வாசலுக்கு நாலு படி, உள்ளே படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இன்னும் இரண்டு மூன்று படி. படுக்கையறை டிரக் பெட்டுக்கு மேலே தொங்குவதால் அது தவிர்க்க முடியாதது. முட்டிவலி உள்ள அம்மா இரவில் இரண்டு முறை எழுந்தால், இருட்டில் அந்தப் படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். டிராவல் டிரெய்லரில் தரை முழுக்க ஒரே மட்டம். என் மாமியார் முதல் வருடம் எங்கள் டிராவல் டிரெய்லரில் தன் பாட்டுக்கு நடமாடினார். ஃபிஃப்த் வீலில் முன்னறையில் உள்ள சோபாவே போதும் என்று சொல்லிவிட்டார். ஆனால் குளியலறை மேலேதான் இருந்தது.

அதே காரணத்துக்காக இன்னொன்றையும் சோதியுங்கள். டீலர் வளாகத்தில் ஸ்லைடு-அவுட் என்ற, சுவரோடு நகரும் பகுதிகளை எல்லாம் வெளியே தள்ளி, விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே போனால் மண்டபம் மாதிரி இருக்கும். அதை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். மூடிய நிலையில் கழிப்பறைக்குப் போக முடிகிறதா? ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிறதா? ஒன்பது மணி நேரப் பயணத்தில் ஓய்விடத்தில் நிறுத்தி, அப்பா நம் கழிப்பறைக்கே போய்வரலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போகும்போது தெரியும். சில மாடல்களில் சமையல் மேடை நகர்ந்து வந்து கதவையே அடைத்துவிடும். இதற்காக மட்டுமே நான் ஒரு நல்ல மாடலை வேண்டாம் என்றிருக்கிறேன்.

ஐந்து பேர் படுக்க பங்க் படுக்கை உள்ள மாடல் பாருங்கள். சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்குவது கடைக்காரர் செய்து காட்டும்போது சுலபம். மூன்று வாரம் தினமும் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

சமையலறையில் ஒரே ஒரு சோதனை போதும்: அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை எங்கே அனுப்புகிறது? விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது காற்றை ஒரு வடிகட்டி வழியாக உள்ளேயே திருப்பி விடும். வெளிச்சுவரில் திறந்து மூடும் சிறு மூடி இருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நாள் தாளித்த கடுகும் பெருங்காயமும் திரைச்சீலையில் ஒரு மாதம் இருக்கும். குக்கர் விடும் ஆவி கூரையில் படிந்து, குளிர்ந்த ஊரில் காலையில் ஜன்னலில் சொட்டும். அந்த ஈரம்தான் மரச்சட்டத்துக்கு எமன். நாங்கள் குக்கரை எப்போதும் வெளியே ஒரு சிறு கேஸ் அடுப்பில்தான் வைப்போம். வெளியே சமையல் மேடை உள்ள மாடல் நம் சமையலுக்கு நிஜமாகவே உதவும். கரடி உலவும் பூங்காக்களில் மட்டும் எல்லாவற்றையும் உடனே உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

மின்சாரத்தில் நீங்கள் பார்க்கும் அளவில் பெரும்பாலும் 30 ஆம்ப்தான் வரும். 120 வோல்ட்டுக்கு அது 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். 50 ஆம்ப் என்பது பெயரைப் பார்த்தால் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் போலத் தெரியும்; அதில் இரண்டு கம்பிகள் தனித்தனியே வருவதால் 12,000 வாட். பெரிய ஃபிஃப்த் வீல்களில் இரண்டு ஏ.சி. ஓடுவது இதனால்தான். ஆகஸ்ட் மாதம் டெக்சஸிலேயே தங்கப்போகிறீர்கள் என்றால் இது பெரிய விஷயம். நீங்கள் கோடையில் கொலராடோ, நியூ மெக்சிகோ மலைப்பக்கம் போகப்போகிறவர்கள் என்றால் ஒரு ஏ.சி. போதும்.

கம்பெனிப் பெயர்களை வைத்து ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இந்தியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. கீஸ்டோன், ஜேகோ, ஏர்ஸ்ட்ரீம் மூன்றும் தோர் குழுமத்தின் கைகளில். கிராண்ட் டிசைன் 2016இலிருந்து வின்னபேகோவிடம். ஃபாரஸ்ட் ரிவர் 2005இலிருந்து பெர்க்ஷயர் ஹாத்வேயிடம். பலருக்கும் அடிச்சட்டம் லிப்பர்ட்டிடமிருந்து வருகிறது. அடுப்பு, ஹீட்டர் எல்லாம் நாலைந்து கம்பெனிகளுடையவைதான். கீஸ்டோன் கூகர், ஜேகோ ஈகிள், கிராண்ட் டிசைன் ரிஃப்ளெக்‌ஷன் ஆகியவை ஒரே பெயரில் ஃபிஃப்த் வீலாகவும் டிராவல் டிரெய்லராகவும் வருபவை. ஒரே நாளில் இரண்டிலும் ஏறி இறங்கிப் பாருங்கள், வடிவ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வாங்குவதற்கு ராக்வுட் மினி லைட், ஜேகோ ஜே ஃபெதர் மைக்ரோ போன்ற எடை குறைந்த வரிசைகளில் தேடுங்கள். ஒரே வரிசைக்குள்ளும் எடை மாறும், மாடலுக்கு மாடல் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

பழையது வாங்கினால் தண்ணீர் புகுந்த தடம்தான் முதல் எதிரி. ஜன்னலுக்குக் கீழ் மூலைகள், ஸ்லைடு-அவுட்டின் ஓரங்கள், வாசல் பக்கத்துத் தரை, இவற்றைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெளிச்சுவர் ஃபைபர் கிளாஸ் என்றால் சாய்வாக நின்று வெயிலில் பாருங்கள்; குமிழ் தெரிந்தால் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். டயரின் மேல் உள்ள பள்ளக் கோடுகள் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டிரெய்லர் டயரை நம்ப மாட்டேன். புது வண்டியே ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் தண்ணீர், கேஸ், மின்சாரம் மூன்றையும் இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காசு கொடுத்துத் தனியார் பரிசோதகர் ஒருவரைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது.

போகும் இடங்களையும் சேர்த்து யோசியுங்கள். மாடல் பெயரில் 22 என்று இருந்தால் நீளம் 22 அடி என்று நினைக்காதீர்கள், முன்முனையிலிருந்து பின் பம்பர் வரை அளந்தால் மூன்று நாலு அடி கூடவே வரும். டெக்சஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் சிசோஸ் பேசின் சாலைக்கு 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர் வேண்டாம் என்றே பூங்கா நிர்வாகம் சொல்கிறது. சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, டிரெய்லரைக் கீழே ரியோ கிராண்டே வில்லேஜில் விட்டுவிட்டு டிரக்கில் ஏறிப் போகலாம். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில், கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. உங்கள் எஃப்-150 பத்தொன்பது அடிச் சொச்சம், நீளத்தைப் பொறுத்தவரை தாராளமாகப் போகும். ஃபிஃப்த் வீலுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்லும் எட்டடி பெட் வைத்த நாலு கதவு எஃப்-250, டிரெய்லரே இல்லாமல் 22 அடி. அந்தச் சாலையை அது பார்க்கவே முடியாது.

பின்னால் எடுக்கும் பயம் எல்லோருக்கும் உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் போதும். பையனை இறக்கிக் கூம்பு வைக்கச் சொல்லுங்கள், அவனுக்கும் பிடிக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: டிரக்கில் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, வீட்டில் இப்போது இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கேட் ஸ்கேலில் நிறுத்துங்கள். கதவில் உள்ள இரண்டு ஸ்டிக்கர்களையும் படம் எடுங்கள், ஒன்றில் பேலோட், மற்றதில் பின் அச்சின் உச்ச எடை இருக்கும். பிடித்த மூன்று மாடல்களின் ஜி.வி.டபிள்யூ.ஆரையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்தப் படுக்கையில் யார் படுப்பது என்பது வரை சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.